கட்டுரையை முதலில் எழுதுங்கள், படங்களை அப்புறம் திருத்துங்கள்

கேள்வி: இல்லஸ்ட்ரேஷன் படிப்பில் இறுதி ஆண்டு மாணவி நான். என் புராஜெக்ட் 32 பக்கக் குழந்தைகள் படப் புத்தகம். இரவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா, அவள் திரும்பி வரும்வரை ஜன்னலோரம் காத்திருக்கும் மகள், இவ்வளவுதான் கதை. சமர்ப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. படங்கள் முடிந்துவிட்டன, ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. முதலில் வரைந்தவையும் கடைசியில் வரைந்தவையும் இரண்டு பேர் வரைந்த மாதிரி இருக்கின்றன. பிரிண்ட் எடுத்தால் இரவுக் காட்சிகள் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்கின்றன. ஆரம்பத்தில் 'லினோ கட்' முறையில் (பலகையைச் செதுக்கி அச்செடுப்பது) செய்யப் போய், இரண்டு மாதம் கழித்துக் கைவிட்டேன். அதைக் காட்டுவதா மறைப்பதா என்று தெரியவில்லை. இதோடு 1500 வார்த்தைகளில் சுயமதிப்பீட்டுக் கட்டுரை வேறு. "இந்த புராஜெக்ட் மூலம் நிறையக் கற்றுக்கொண்டேன்" என்ற வரிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. குறைகளை எழுதினால் மார்க் குறையுமா? எல்லாப் படங்களையும் திரும்ப வரையட்டுமா? கடைசி இரட்டைப் பக்கத்தில் வார்த்தையே வேண்டாம் என்பது என் எண்ணம். வழிகாட்டி ஆசிரியர் ஒரு வரியாவது வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தைப் படித்தால், இந்நேரம் முதல் பக்கத்துக்குப் புதுத் தாள் எடுத்து வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதை மூடி வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 பக்கத்தில் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்குக் கிடைப்பது 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள். ஒன்றுக்கு ஒன்றரை நாள் வைத்தாலே மூன்று வாரமும் தீர்ந்துவிடும். பிரிண்ட், பைண்டிங், கட்டுரை எதற்கும் நேரம் மிஞ்சாது. அது போகட்டும். பதினான்காவது படத்தை முடிக்கும்போது உங்கள் கை இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும், முதல் படம் மறுபடியும் பழசாகத் தெரியும். படிக்கிற காலத்தில் கை வேகமாகத் தேறும். ஒரு நீண்ட வேலையின் தலையும் வாலும் ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். எனவே இது நீங்கள் பதறுகிற அளவுக்கு மோசமான செய்தி இல்லை.

புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். இறுதி ஆண்டு வேலைகளை மதிப்பிடும் மேஜையிலும் அவ்வப்போது உட்காருகிறேன். அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று: மாணவர்கள் கடைசி நிமிடம் வரை படத்தைத் திருத்திவிட்டு, சமர்ப்பிக்கும் முந்தின இரவு கட்டுரையை எழுதுகிறார்கள். கட்டுரையில் ஒரு பிரச்சினையைச் சரியாகக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் திருத்தியிருப்பது வேறு பக்கங்களை. நீங்கள் வரிசையை மாற்றுங்கள். கட்டுரையின் முதல் வரைவை இந்த வாரமே எழுதுங்கள். எந்தப் பக்கத்தைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதை அந்த வரைவுதான் சொல்லும்.

கட்டுரை நகராததற்குக் காரணம், வெள்ளைத் திரையைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்பதாக இருக்கலாம். படங்களைப் பார்த்து எழுதுங்கள். எல்லா இரட்டைப் பக்கங்களையும் உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக பிரிண்ட் எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, அந்தப் பக்கத்துக்கு முதன்முதலில் போட்ட தம்ப்நெயிலை, அதாவது சின்ன முன்வரைவை, ஒட்டுங்கள். ஸ்கெட்ச்புக்கைக் கிழிக்க மனம் வராது, போனில் படம் பிடித்து பிரிண்ட் எடுத்தால் போதும். அப்புறம் ஒவ்வொரு ஜோடியையும் பார்த்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கதையில் இந்தப் பக்கத்துக்கு என்ன வேலை? தம்ப்நெயிலிலிருந்து இங்கே வருவதற்குள் எதை மாற்றினேன்? அந்த மாற்றத்தால் பக்கம் தன் வேலையைச் செய்கிறதா?

இரண்டாவது கேள்வியில்தான் கட்டுரை இருக்கிறது. வாசகர் கண்ணுக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. படம் அழகாக இருக்கிறதா என்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம். ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள் என்பதை நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

உங்கள் கதையையே வைத்து ஓர் உதாரணம் சொல்கிறேன். படங்களை நான் பார்த்ததில்லை, எனவே இது கற்பனை. "அம்மா கிளம்பும் காட்சியில் சோகத்தைக் கொண்டுவர முயன்றேன். நீல நிறத்தைப் பயன்படுத்தினேன். இது எனக்குச் சவாலாக இருந்தது." இப்படி எழுதினால் யாருடைய புத்தகத்துக்கும் பொருந்தும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "அம்மா கிளம்பும் பக்கத்துக்கு முதல் தம்ப்நெயிலில் மகளின் அழும் முகத்தைப் பெரிதாக வரைந்திருந்தேன். அதே பக்கத்து வரியிலும் 'அவளுக்கு அழுகை வந்தது' என்று இருந்தது. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறேன் என்று டம்மியை (மாதிரிப் புத்தகத்தை) புரட்டியபோது புரிந்தது. முகத்தை எடுத்துவிட்டு, பாதி திறந்த கதவையும் அதில் மாட்டியிருக்கும் அம்மாவின் பையைப் பிடித்திருக்கும் சின்னக் கையையும் மட்டும் வைத்தேன். வரியையும் வெட்டினேன். இப்போது பக்கம் அமைதியாக இருக்கிறது, ஆனால் அந்தக் கை யாருடையது என்று சிலருக்கு உடனே தெரியவில்லை. முந்தைய பக்கத்தில் மகளின் சட்டைக் கையின் கோடுகள் தெளிவாக இல்லாததுதான் காரணம்."

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். குறையைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்கின்றன, திருத்த வேண்டிய இடம் இந்தப் பக்கம் இல்லை, முந்தைய பக்கத்துச் சட்டை என்பதையும் காட்டிவிடுகின்றன. அரை மணி நேர வேலை. எழுதாமல் இருந்திருந்தால் கதவுப் பக்கம் முழுவதையும் திரும்ப வரைந்து ஒரு நாளைத் தொலைத்திருப்பீர்கள்.

மார்க் பற்றிக் கேட்டீர்கள். குறைகள் எங்கள் கண்ணில் எப்படியும் படும். இரண்டு பேர் வரைந்த மாதிரி இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்ததை, வேலையே அதுவாக இருக்கிறவர் பார்க்காமல் விடுவாரா? நீங்கள் சொல்லாமல் விட்டால், கவனிக்கவே இல்லை என்று நினைப்போம். சொன்னால், பார்க்கத் தெரிந்த ஆள் என்று நினைப்போம். ஆனால் "நேரம் போதவில்லை" என்பதைக் காரணமாக எழுதாதீர்கள். நேரம் யாருக்கும் போதவில்லை. எதற்கு அதிகம் செலவழித்தீர்கள், அது தகுமா என்று எழுதினால் அது காரணம். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். சில கட்டுரைகளைப் படித்தால் புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கும், அவ்வளவு திட்டியிருப்பார்கள் தங்களை. உங்கள் கல்லூரி மதிப்பெண் அளவுகோலைக் கொடுத்திருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு, பரிசோதனை, செய்முறை, தொகுத்து அளிக்கும் விதம் என்று தனித்தனியாகப் பிரித்திருந்தால், எந்தப் பத்தி எதற்குப் பதில் சொல்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். ஒன்றுக்கும் பதில் சொல்லாத பத்தியை எடுத்துவிடலாம்.

வகுப்பில் சுயமதிப்பீட்டுக்குக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் வகுத்த சுழற்சியைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 1988-ல் வந்தது. நடந்ததை விவரிப்பது, உணர்ந்ததைச் சொல்வது, மதிப்பிடுவது, அலசுவது, முடிவுக்கு வருவது, அடுத்த திட்டம் என்று ஆறு படிகள். எழுதி முடித்தபின் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்க்க நல்ல கருவி. அந்த ஆறையும் தலைப்பாகப் போட்டு நிரப்பினால் படிவம் மாதிரி ஆகிவிடும், விவரிப்பே 900 வார்த்தை தின்றுவிடும். எனக்கு அதைவிட உதவுவது சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-ல் செய்த பிரிவினை: வேலை செய்துகொண்டிருக்கும்போதே கை யோசிப்பது ஒன்று, முடிந்தபின் திரும்பிப் பார்த்து யோசிப்பது இன்னொன்று. தம்ப்நெயிலின் ஓரத்தில் கிறுக்கிய "வேண்டாம், ரொம்ப நெருக்கம்" போன்ற குறிப்புகள் முதல் வகை. அவை தேதியோடு ஸ்கெட்ச்புக்கில் கிடந்தால் அப்படியே கட்டுரையில் எடுத்துப் போடுங்கள். இப்போது உட்கார்ந்து அழகாக யோசித்துச் சொல்வதைவிட நம்பகமான சாட்சி அது.

லினோ கட்டுக்கு வருகிறேன். மறைக்காதீர்கள். ஒரு வழியை முயன்று பார்த்து விட்டு வந்தது புராஜெக்டின் பகுதிதான். மாரிஸ் செண்டாக்கின் 1963-ஆம் ஆண்டுப் புத்தகம் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' முதலில் காட்டுக் குதிரைகளைப் பற்றியதாகத்தான் திட்டமிடப்பட்டது. குதிரை தனக்கு வரைய வரவில்லை என்று அவர் விட்டார். குதிரைகள் இருந்த இடத்தில் பெயரில்லாத விசித்திரப் பிராணிகள் வந்தன. கைவிட்டதைச் சொல்லாமல் அந்தப் புத்தகம் எப்படி உருவானது என்று சொல்லவே முடியாது.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. லினோ கட்டில் ரப்பர் மாதிரியான பலகையைச் செதுக்குவோம். செதுக்காத இடமெல்லாம் மை ஏறிக் கறுப்பாக வரும், செதுக்கிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதாவது இருட்டில் தொடங்கி வெளிச்சத்தை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறீர்கள். பேப்பரிலோ திரையிலோ வரையும்போது இதற்கு நேர் எதிர், வெள்ளையில் தொடங்கி இருட்டை ஏற்றிக்கொண்டே போகிறோம். இரவுக் காட்சிகள் அடைத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இருட்டு கூடிவிடுகிறது. கைவிட்ட அந்த லினோ பிரிண்டுகளை எடுத்து இரவுப் பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னல் விளக்கு, மகளின் கன்னத்து ஓரம், கம்பிகள் என்று எதை மட்டும் வெட்டி வெளிச்சமாக்க வேண்டும் என்பதை அந்தப் பலகை ஏற்கெனவே முடிவு செய்திருக்கக்கூடும். அப்படி இருந்தால், இரண்டு மாதம் வீணாகப் போகவில்லை என்று நீங்கள் வாதாடவே வேண்டாம். ஒரு லினோ பிரிண்டையும் திருத்திய இரவுப் பக்கத்தையும் அருகருகே வைத்தால் பார்ப்பவருக்கே விளங்கிவிடும்.

அடைத்துக்கொள்வதற்கு அச்சு சார்ந்த காரணமும் இருக்கிறது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சயான் (பச்சை சாய்ந்த நீலம்), மஜென்டா (ஊதா சாய்ந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் மினுங்கும் நீலமும் ஊதாவும் மையில் கிடைக்காது, மங்கித்தான் வரும். அடர்நீலத்துக்கு மஜென்டா அளவு சயானை நெருங்கினால் ஊதாவாகத் திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் 30 சதவீத இடைவெளியாவது விடுவது வழக்கம். ஒவ்வொரு மையும் 100 சதவீதம் வரை போகலாம், ஆனால் நான்கின் கூட்டுத்தொகை 300 சதவீதத்தைத் தாண்டினால் மை காயத் திணறும், இருட்டுக்குள் இருக்கும் விவரங்கள் மூழ்கிவிடும். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சுவதால் அதற்கு இன்னும் குறைவாக வைக்க வேண்டும். டிஜிட்டல் பிரிண்டருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு ஒன்றுதான்.

நிறத்தைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. இரவுப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மகளும் பின்சுவரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நீலத்தை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை, பிரச்சினை டோனில், அதாவது வெளிச்சம்-இருட்டு அளவில், இருக்கிறது. சாம்பலில் பிரிந்து தெரிந்து, பிரிண்டில் மட்டும் அடைத்தால் அப்போது நிறத்தைப் பாருங்கள். ஒரே பக்கத்தின் ஒரு கீற்றை நான்கைந்து வெளிச்ச அளவுகளில் ஒரே தாளில் வரிசையாக பிரிண்ட் எடுங்கள், புத்தகத்துக்கு வாங்கப் போகும் அதே தாளில். திரையில் கொஞ்சம் வெளுத்தாற்போல் இருப்பது தாளில் சரியாக வரும். அந்தக் கீற்றையும் தூக்கிப் போடாதீர்கள், கட்டுரையோடு வைக்க அருமையான பொருள்.

இதெல்லாம் கடைக்காரர் வேலை, படம் போடுகிறவருக்கு எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 1865-ல் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' முதன்முதலில் 2000 பிரதிகள் அச்சானபோது, படங்கள் வரைந்த ஜான் டென்னியல் தன் படங்கள் அச்சில் வந்த விதம் திருப்தியாக இல்லை என்றார். நூலாசிரியர் லூயிஸ் கரோல் அந்தப் பதிப்பையே திரும்பப் பெற்று, வேறு அச்சகத்தில் மறுபடி அச்சடிக்க வைத்தார். தள்ளப்பட்ட தாள்கள் அமெரிக்காவில் புதுத் தலைப்புப் பக்கத்தோடு விற்பனைக்குப் போனது தனிக் கதை. தாளில் வந்து நிற்பதுதான் படம் என்பதில் டென்னியலுக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு பேர் வரைந்த மாதிரி இருப்பதைச் சரிசெய்ய, முதலில் எது மாறியிருக்கிறது என்று பெயர் சொல்லுங்கள். கோட்டின் தடிமனா? தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதமா? கண் வெறும் புள்ளியாக இருந்து விழியாக மாறிவிட்டதா? நிறத்தொகுப்பா? சுவரில் ஒட்டியதைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிறமும் கோட்டின் நிறமும் மட்டும்தான் என்றால் எதையும் வரைய வேண்டாம், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக ஒரு குறுகிய நிறத்தொகுப்பை வைத்துத் திருத்தினாலே பாதி ஒட்டிவிடும். மகளின் உருவமே மாறியிருந்தால், உங்களுக்கு மிகவும் பிடித்த பிற்பகுதிப் பக்கம் ஒன்றை அளவுகோலாக எடுத்து, அதிலிருந்து ஒரு கேரக்டர் ஷீட் போடுங்கள். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், உட்கார்ந்த நிலை. அதை வைத்து மூன்று அல்லது நான்கு இரட்டைப் பக்கங்களை மட்டும் திரும்ப வரையுங்கள். மகள் முதலில் வரும் பக்கம் கட்டாயம், ஏனென்றால் வாசகர் அவளை மனதில் பதித்துக்கொள்வது அங்கேதான். அப்புறம் பழைய கையும் புதிய கையும் நேராக மோதும் இடம், அதாவது ஒரு தாளைத் திருப்பினால் திடுக்கென்று ஆள் மாறும் இடம். நான்குக்கு மேல் போகாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பாணி மாறியதற்குப் பிற்பாடு ஓர் அர்த்தம் கண்டுபிடித்து, "மகளின் மனவளர்ச்சியைக் காட்டவே கோடுகளை மாற்றினேன்" என்று எழுதுவது. இந்த வாக்கியத்தை வெவ்வேறு வடிவத்தில் நிறையப் படித்தாயிற்று. தம்ப்நெயிலில் அதற்கான தடயமே இருக்காது.

தொழில்நுட்பச் சரிபார்ப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சு அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போக விடும் கூடுதல் ஓரம்), நடு மடிப்பில் முகமோ எழுத்தோ விழாமல் பார்த்துக்கொள்வது. போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தால் அதன் மூலத்தையும், எந்தக் கட்டத்திலாவது ஏஐ கருவியைத் தொட்டிருந்தால் எங்கே, எதற்கு என்பதையும் கல்லூரி கேட்காவிட்டாலும் எழுதுங்கள். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் சாதாரணத் தாளில் முழு டம்மி ஒன்றை மடித்துப் புரட்டிப் பாருங்கள். பக்க வரிசை மாறிப்போன புத்தகங்கள் மதிப்பீட்டு மேஜைக்கு வருவது நீங்கள் நினைப்பதைவிட சகஜம்.

கடைசிப் பக்கச் சண்டை. உங்கள் பக்கம் சாய்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஆசிரியர் ஒரு வரி வேண்டும் என்று சொல்லும்போது, பெரும்பாலும் படம் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பொருள். அவர் மருந்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம், நோய் இருப்பது நிஜமாக இருக்கலாம். புத்தகத்தை இதுவரை பார்க்காத ஒருவருக்கு டம்மியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். "அம்மா வந்துட்டாளா?" என்று அவர் கேட்டால் படம் தோற்றுவிட்டது.

அப்படியானால் வரியைச் சேர்ப்பதற்கு முன் திசையைச் சோதியுங்கள். இடமிருந்து வலமாகப் படிக்கும் கண்ணுக்கு, வலது பக்கம் பார்த்து நடக்கிறவர் கிளம்புகிறவர். அம்மா வேலைக்குப் போன பக்கத்தில் வலப்புறம் வெளியேறியிருந்தால், கடைசிப் பக்கத்தில் அவள் வலது ஓரத்திலிருந்து இடப்புறம் பார்த்து உள்ளே வர வேண்டும். இரண்டிலும் ஒரே திசையில் வரைந்திருந்தால், எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அவள் மறுபடி கிளம்புவது போலவே தெரியும். கதவும் பையும் முதல் காட்சியில் இருந்த அதே இடத்தில் இருக்கட்டும், திசை மட்டும் மாறட்டும். திரும்ப வரையும் நான்கில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். புதிய படத்தோடு இன்னொருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவரும் கேள்வி கேட்டால் ஆசிரியர் சொன்ன வரியைச் சேர்த்துவிடுங்கள், ஐந்தாறு வார்த்தைக்குள். கேட்காவிட்டால் டம்மியை எடுத்துக்கொண்டு சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்பே ஆசிரியரிடம் போய்க் காட்டுங்கள். அவர் மறுத்தாலும், இரண்டு பேரிடம் படித்துக் காட்டியதையும் திசையை மாற்றியதையும் கட்டுரையில் ஒரு பத்தியாக எழுதலாம். 1500-ல் அதற்கு 150 வார்த்தை ஒதுக்கி வையுங்கள்.